எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு

ஏப்பா டிரைவரு, டிம்மைப் போடு. டிம்மைப் போடுங்கிறேன். மேகத்துக்குள்ள பிரைட்டைப் போட்டா வெளிச்சம் முட்டித் திரும்பி உன் கண்ணுலதான் விழும். ரோட்டுல விழாது.

கேக்குறானா பாருங்க தம்பி. பாட்டு ஓடுதுல்ல, அது போதும் அவனுக்கு. நாப்பது உசுரு உள்ள உக்காந்திருக்கு. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க, இவன் புதுசு. மேல்மலை ரூட்டுக்கு வந்து மூணு மாசம்தான் ஆகுது. ஊரு எதுன்னு சொன்னீங்க? விருதுநகரா. அதான் பனி பனிங்கிறீங்க. இது பனி இல்லை தம்பி. மேகம். பனின்னா வெயில் வந்தா போயிரும். இது அப்படி இல்லை, மலையில வந்து உக்காந்துருச்சுன்னா தானா எந்திரிச்சாத்தான் உண்டு. மணி என்ன? ஒன்பதே முக்கால். இந்நேரத்துக்கு எப்படி அடைச்சுக்கிட்டு வருது பாருங்க. பைன் காட்டுக்கிட்டப் போனா இன்னும் மோசமா இருக்கும்.

நான் பதினோரு மணிக்குக் கொடைக்கானல்ல இருக்கணும். ஒரு விசாரணை. அதுக்குத்தான் பஸ்ஸுல போறேன். இல்லாட்டி இந்தக் குருநாதன் எதுக்கு பஸ் ஏறுறான்? எனக்குன்னு பிக்கப் வண்டி இருக்கு, இப்ப ஒர்க்ஷாப்புல கிடக்கு. இருபத்தாறு வருசம் ஓட்டியிருக்கேன் இந்த மலையில. கேரட்டு, பீன்ஸு, பூண்டு, எல்லாம் நம்ம வண்டியிலதான் வத்தலக்குண்டு போகும். இருபத்தாறு வருசத்துல ஒரு கீறல் கிடையாது. யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஒரு கோழியை அடிச்சேன்னு எவனாவது சொல்லட்டும்.

மேகத்துல ஓட்டுறது தனி வித்தை தம்பி. டிம்மு போடணும், அது ஒண்ணு. இடது பக்கம் வெள்ளைக் கோடு போட்டிருக்குல்ல, அதைத்தான் பிடிச்சுக்கிட்டுப் போகணும். நடுக்கோட்டைப் பார்த்தா எதுத்தாப்புல வர்றவனும் அதையேதான் பார்த்துக்கிட்டு வருவான். அப்புறம் கண்ணாடியை இறக்கி விடணும். குளிரும், குளிரட்டும். கண்ணு தெரியாத இடத்துல காதுதான் கண்ணு. பாட்டை நிறுத்தணும். இவன்கிட்ட சொல்லுங்களேன். வளைவுக்கு வளைவு ஹாரன் அடிக்கணும். முன்னாடி போற வண்டி லைட்டைப் பிடிச்சுக்கிட்டே போனா சுகமா இருக்கும், ஆனா அவன் பள்ளத்துல விழுந்தா நீயும் விழ வேண்டியதுதான். ரொம்ப அடைச்சுருச்சுன்னா அந்தக் காலத்துல கிளீனரு கீழ இறங்கி, வெள்ளைத் துண்டை முதுகுல விரிச்சுப் போட்டுக்கிட்டு வண்டிக்கு முன்னாடி நடப்பான். துண்டைப் பார்த்து வண்டி பைய ஊரும். நானே அப்படி நடந்திருக்கேன், ஓட்டப் பழகுறதுக்கு முன்னாடி.

அதுவும் முடியலைன்னா ஓரங்கட்டிரணும். அதுல என்ன கௌரவக் குறைச்சல்? ஓரங்கட்டி, நாலு இன்டிகேட்டரையும் சிமிட்ட விட்டுட்டு, பேசாம உக்காந்திருக்கணும். நான் அப்படித்தான் உக்காந்திருந்தேன். சத்தியமா அப்படித்தான் உக்காந்திருந்தேன் தம்பி, முறைப்படி எல்லாம் செஞ்சுட்டு. அப்படி நின்ன என் வண்டிமேல வந்து ஏத்துறான் ஒருத்தன். வேற யாருமில்லை, என் தங்கச்சி புருசன்.

கோட்டைச்சாமின்னு பேரு. எங்க ஊருல இருந்து கொடைக்கானலுக்குப் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். ஏழு பிள்ளைக. காலையில கூட்டிட்டுப் போயி சாயங்காலம் கொண்டாந்து விடணும். அதுல ஒண்ணு என் மக, யாழினி. ஒன்பதாவது படிக்குது. மாமா வேனுன்னா முன்சீட்டுலதான் உக்காரும், வேற யாரையும் விடாது. அன்னைக்கும் முன்சீட்டுலதான் உக்காந்திருந்துச்சு.

என் மாப்பிள்ளை எப்படி ஓட்டுவான் தெரியுமா? பதினஞ்சு, மிஞ்சிப்போனா இருபது. பிள்ளைக எல்லாம் மாட்டுவண்டி மாமா, மாட்டுவண்டி மாமான்னு கேலி பேசும். எருமை முந்திக்கிட்டுப் போகும் அவன் வேனை. அப்படி ஒரு பயந்தாங்கொள்ளி. அவன் அன்னைக்கு வேகமா வந்து என் வண்டியில ஏத்திட்டான். வேகமாத்தான் வந்திருக்கணும், வேற எப்படி மோதும்? ஸ்டேசன்ல அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகளை வச்சுக்கிட்டுக் கண்ணை மூடிட்டு ஓட்டினான்னு எழுதிக் கொடுத்தேன். அது ஊரு பூரா பரவிருச்சு. இப்ப டீக்கடையில போயி கோட்டைச்சாமின்னு சொன்னா, யாரு, கண்ணை மூடிட்டு ஓட்டினானே அவனான்னு கேக்குறாங்க. நல்லாக் கேக்கட்டும். எனக்கு நெஞ்சு கொதிக்குது தம்பி. என் பிள்ளைக்கு இடது கை ரெண்டு இடத்துல முறிஞ்சு போச்சு. புருவத்துல கண்ணாடி ஏறி ஆறு தையல். பொம்பளைப் பிள்ளை முகத்துல ஆறு தையல். அதை நினைக்கும்போதெல்லாம் அவனை வெட்டிப் போடலாமான்னு வருது.

அவனுக்கும் முட்டி போச்சு. உள்ள கம்பி வச்சிருக்காங்க. போகட்டும்.

இப்ப விசாரணை எதுக்குன்னா, அவன் லைசென்சுக்கு. ரத்து பண்ணலாமா வேண்டாமான்னு. பள்ளிக்கூடத்துல அன்னைக்கே நிறுத்திட்டாங்க. லைசென்சும் போயிருச்சுன்னா அவ்வளவுதான், இனி வாழ்நாள்ல ஸ்டியரிங்கைத் தொட முடியாது. வேற தொழில் தெரியாது அவனுக்கு. காடு இல்லை, கரை இல்லை. முட்டி போனவன் மூட்டையா தூக்குவான்? என் தங்கச்சி முத்துப்பேச்சி வந்து வந்து அழுகுறா. நான் என்ன பண்ண? நானா கொண்டுபோய் மோதினேன்?

நடந்ததைச் சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க.

எங்க ஊரு ஸ்டாண்டுல பதினோரு வண்டி. ஆயுதபூசைன்னா ஊரே எங்களைப் பார்க்க வரும். வாழைக்கன்னு, மாலை, மைக்செட்டு, சுண்டல், எல்லாம் உண்டு. மத்தவங்க பூசுறது கடைச் சந்தனப் பொடி. தண்ணியில கரைச்சு விரலால ஒரு இழுப்பு இழுத்தா முடிஞ்சுச்சு. காஞ்சதும் பொலபொலன்னு உதிர்ந்துரும். நான் அப்படி இல்லை. கட்டைச் சந்தனம். விடியக்காலம் எந்திரிச்சு குளிச்சுப்போட்டு ஒரு மணி நேரம் உரைப்பேன். அதுல கொஞ்சம் மஞ்சளு, கொஞ்சம் பன்னீரு. அப்பினா அடை மாதிரி நிக்கும். மழை பேஞ்சாலும் போகாது. போன வருசம் எல்லாரும் என் வண்டியைத்தான் செல்போன்ல படம் பிடிச்சாங்க. இந்த வருசமும் அப்படித்தான். முன்னாடி நான் பூசினேன், பின்னாடி யாழினி பூசுச்சு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருசா வருசம் பூசுவோம்.

எங்க ஸ்டாண்டுல ஒரு வழக்கம் இருக்கு. பூசை போட்ட வண்டி முதல் லோடை இறக்கிட்டு ஸ்டாண்டுக்குத் திரும்பி வர்ற வரைக்கும் பொட்டைத் துடைக்கக் கூடாது. மாலையைக் கழட்டக் கூடாது. திரும்பி வந்தப்புறம், எலுமிச்சம்பழத்தைச் சுத்திப் போட்டுட்டு, அப்புறம்தான் கழுவணும். இது இன்னைக்கு நேத்து வந்ததில்லை. நடுவுல ஒருத்தன் வழியிலயே கழுவினான், அந்த வருசம் அவன் வண்டி என்ஜினை ரெண்டு தடவை கழட்டி இறக்க வேண்டியதாச்சு. நாங்க கண்ணால பார்த்தது.

விசயதசமிக்கு மறுநா முதல் லோடு எனக்கு. கேரட்டு. வத்தலக்குண்டுல இறக்கிட்டு, மதியம் சாப்பிட்டுட்டு மலை ஏறுறேன். நல்ல வெயிலு. கொடைக்கானல் தாண்டி நாலு கிலோமீட்டர் வந்திருப்பேன், அந்தப் பைன் காடு வருதுல்ல, அங்க வச்சு மடார்னு இறங்கிருச்சு மேகம். சாயங்காலம் நாலு மணி. ஒரு போர்வையை எடுத்து மூஞ்சியில போட்ட மாதிரி ஆயிருச்சு. எனக்கு என் பானெட்டுல கட்டியிருந்த மாலையே தெரியலை.

வேற எவனா இருந்தாலும் ஸ்டாண்டுக்குப் போற அவசரத்துல உருட்டிக்கிட்டுப் போயிருப்பான். நான் ஓரங்கட்டினேன். அங்க ஓரம்னா பெருசா ஒண்ணும் கிடையாது, இந்தப் பக்கம் வாய்க்கா. பாதி வண்டி தார்லதான் நிக்கும். நாலு இன்டிகேட்டரையும் போட்டேன். பின்னாடி சிவப்பு லைட்டும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. கண்ணாடியை இறக்கிவிட்டு உக்காந்தேன். வழக்கமா நான் என்ன செய்வேன்னா, ஒரு பச்சைக் கொப்பை ஒடிச்சு முப்பது தப்படி பின்னாடி ரோட்டுல போட்டு வைப்பேன். எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்குறதே நான்தான். அன்னைக்குப் போடலை. கொப்பு போடுறது பிரேக்டவுன் ஆன வண்டிக்கு. பூசை போட்டு முதல் லோடு போயிட்டு வர்ற வண்டிக்குப் பின்னாடி எவனாவது கொப்பு போடுவானா? அபசகுனம். வருசம் பூரா வண்டி படுத்துக்கும்.

அஞ்சு நிமிசம் இருக்கும். பின்னாடி ஹாரன் கேட்டுச்சு. வளைவுல அடிக்கிற ஹாரன். யாரோ முறையா வர்றான்னு நினைச்சேன். அடுத்த ஹாரன் கிட்டத்துல கேட்டுச்சு. அப்புறம் பிள்ளைக சத்தம். பிள்ளைக அலறுற சத்தம் கேட்டதுக்கு அப்புறம்தான் எனக்கு இடியே தெரிஞ்சுச்சு.

ஓடுனேன் தம்பி. ஓடிப்போயிக் கதவைப் பிச்சு ஒவ்வொண்ணாத் தூக்கி வெளிய விட்டேன். மத்த பிள்ளைகளுக்குப் பெருசா ஒண்ணுமில்லை, வீக்கமும் சிராய்ப்பும்தான். கடைசியா முன்சீட்டு. கண்ணாடி பூராம் மடியில கொட்டிக் கிடக்கு. என் பிள்ளை என்னைப் பார்த்து, அப்பா நீயாங்குது. நீயாப்பா நின்னுக்கிட்டு இருந்தேங்குது. அந்த மேகத்துக்குள்ள முன்னாடி நின்னது யாரு வண்டின்னு அதுக்குத் தெரியலை. வண்டி நின்னதே தெரியலை.

ரோட்டோரத்து மேட்டுல உக்கார வச்சேன். கையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துச்சு, அழுகலை. ஆம்புலன்சுக்கு போன் போட்டேன். மாப்பிள்ளை ஸ்டியரிங்குக்குள்ள மாட்டிக்கிட்டுக் கிடந்தான், காலை எடுக்க முடியலை. அவன் அப்பவும் கத்தலை. என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான்.

"மச்சான், உன் சிவப்பு லைட்டு தெரியலையே."

ஆத்திரம் வந்துச்சு பாருங்க எனக்கு. என் பிள்ளையை ரத்தத்துல முக்கிட்டு, என் லைட்டைப் பத்திப் பேசுறான். என் வண்டியில ஒரு பல்பு எரியாம ஒரு நா நான் ரோட்டுல இறக்கியிருப்பேனா? காலையில கிளம்புறப்ப சுத்திச் சுத்திப் பார்த்துட்டுத்தான் எடுப்பேன். எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. போய்ப் பின்னாடி பார்த்தேன். வலது பக்கத்து லைட்டு நொறுங்கிப் போச்சு. இடது பக்கத்து லைட்டு முழுசா இருந்துச்சு. எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

துடைச்சேன்.

அதான், அந்தச் சந்தனத்தைத் துடைச்சேன். தோள்ல கிடந்த துண்டை எடுத்து வழிச்சுத் துடைச்சேன். சாமிக்குன்னு வச்ச பொட்டு, ரத்தம் சிந்துன இடத்துல அப்படியே விடலாமா? தீட்டுல்ல. அதுக்காகத்தான் துடைச்சேன். போலீசு வர்றதுக்குள்ள துடைக்கணும்னு ஒண்ணும் துடைக்கலை. போலீசு வர்றதுக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு, அது வேற விசயம். கட்டைச் சந்தனமா, லேசுல வரலை. நகத்தால சுரண்டித் துடைக்க வேண்டியிருந்துச்சு. துடைச்சதும் பளிச்சுன்னு வந்துச்சு லைட்டு. சிவப்பும் மஞ்சளும் விட்டு விட்டு அடிச்சுச்சு. எவ்வளவு தூரம் அடிச்சுச்சுங்கிறீங்க? அந்த மேகத்துலயும் மேட்டுல உக்காந்திருந்த என் பிள்ளை மூஞ்சியில அடிச்சுச்சு. அது என்னையவே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

மறுநா பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தாரு. நம்ம வண்டியைப் போட்டுப் பார்த்தாரு. லைட்டு எரியுதான்னு கேட்டாரு, எரியுதுன்னேன். போட்டுக் காட்டினேன். அன்னைக்கு எரிஞ்சுச்சான்னு கேட்டாரு, எரிஞ்சுச்சுன்னேன். இதுல எங்க பொய் இருக்கு? ஒரு வார்த்தை பொய் கிடையாது. எரிஞ்சுச்சான்னுதான் கேட்டாரு. தெரிஞ்சுச்சான்னு அவரு கேக்கலையே.

யோவ், மெதுவாப் போய்யா. வளைவு வருது. ஹாரன் அடி.

இவனுகளுக்கெல்லாம் யாரு லைசென்சு கொடுக்குறான்னு தெரியலை.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆமா, முத்துப்பேச்சி. மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில இருந்து வந்த மூணாம் நா என் வீட்டுக்கு வந்தா. வாசல்ல உக்காந்துக்கிட்டு, அண்ணே, லைட்டுல சந்தனம் அப்பியிருந்துச்சுன்னு அந்த ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருண்ணே, உனக்கு ஒண்ணும் ஆகாது, அவருக்கு லைசென்சு மிஞ்சும்னா. எப்படி ஒண்ணும் ஆகாது? இருபத்தாறு வருசம் தம்பி. ஸ்டாண்டுல புதுசா வர்ற பயலுக எல்லாம் என்கிட்டதான் வந்து கேப்பானுக, அண்ணே மேகத்துல எப்படிப் போகணும்னு. நான் போய், ஆமாய்யா, என் லைட்டை நானே மறைச்சுட்டேன்னு சொல்லணுமா? சிரிக்க மாட்டானா? போடின்னு சொல்லிட்டேன். கூடப் பிறந்தவளை வாசல்ல வச்சுப் போடின்னு சொன்னேன். என்னைச் சொல்ல வச்சுட்டா.

முன்னாடி லைட்டுல நான் எவ்வளவு வச்சேன் தெரியுமா? ஒரு ரூபா அகலத்துக்கு. ஓரத்துல. ஏன்னா நான் ஓட்டணும்ல, எனக்கு ரோடு தெரியணும்ல. பின்னாடி லைட்டுல நமக்கு என்ன வேலை இருக்கு? அது பூசை நாளைக்கு அழகுதான. நல்லா அப்புன்னு நான்தான் சொன்னேன். பிள்ளை கேட்டுச்சு. கையில சந்தனத்தை வச்சுக்கிட்டு, ஏம்ப்பா, லைட்டு மறைஞ்சு போகாதா, பின்னாடி வர்றவங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டுச்சு. நான் வஞ்சேன். சாமி காரியத்துல கணக்குப் பார்க்காத, சொன்னதைச் செய்யின்னேன். அது செஞ்சுச்சு. ரெண்டு பக்கமும் ஒரு இண்டு இடுக்கு விடாம அப்புச்சு. நான் போயி பார்த்துட்டு, ம், இதான் பூசைன்னு சொன்னேன்.

ஆஸ்பத்திரியில இருந்து அது வீட்டுக்கு வரலை. அத்தை வீட்டுக்குப் போறேன்னுருச்சு. என் வீட்டுக்கும் முத்துப்பேச்சி வீட்டுக்கும் நடுவுல ஒரு தெருதான். இருபத்தெட்டு நாளாச்சு. என் வீட்டுக்காரி சோத்தை எடுத்துக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குறா. நான் ரெண்டு தடவை போனேன். மாப்பிள்ளை கட்டில்ல கிடக்கான், காலை நீட்டிக்கிட்டு. அவன் காலடியில உக்காந்து ஒத்தைக் கையில அது வீட்டுப்பாடம் எழுதுது. நான் உள்ள நுழைஞ்சதும் நோட்டை எடுத்துக்கிட்டு அடுப்படிக்குப் போயிருச்சு. என் பிள்ளை கையை ஒடிச்சவன் காலடியில போய் என் பிள்ளை உக்காந்திருக்கு. எந்த அப்பனுக்குத் தாங்கும் சொல்லுங்க. மருந்து வச்சு மயக்கிட்டாங்கன்னு கூட நினைச்சேன்.

அவன் மட்டும், வாங்க மச்சான்னான். உக்காருங்கன்னான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். நாலு வார்த்தை வஞ்சிருந்தா நானும் நாலு வார்த்தை வஞ்சுட்டு வந்திருப்பேன்.

நேத்து முத்துப்பேச்சி மறுபடி வந்தா. உள்ள வரலை, தெருவுலயே நின்னா. அழுகவும் இல்லை. நாளைக்கு விசாரணைக்கு யாழினியும் வருதுன்னா. முன்சீட்டுல உக்காந்து பார்த்த சாட்சின்னு அதையும் கூப்பிட்டிருக்காங்களாம். முதல் பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன், உன்கிட்ட சொல்லிட்டுப் போகணும்னு அதுதான் சொல்லச் சொல்லுச்சுன்னா. துடைச்சதைப் பார்த்த பிள்ளை. என்ன சொல்லப்போகுதுன்னு கேட்டேன்.

அவ சொன்னா, "லைட்டுல சந்தனம் அப்பினது நான்தான், எங்க அப்பாவுக்குத் தெரியாது, விளையாட்டுக்குப் பண்ணிட்டேன்னு சொல்லப்போகுது."

கேட்டீங்களா? நான்தான்னு சொல்லப்போகுதாம். எங்க அப்பாவுக்குத் தெரியாதாம். மாமனுக்கு லைசென்சும் போகக் கூடாது, அப்பன் பேரும் கெடக் கூடாதுன்னு, மூணு நாளா உக்காந்து யோசிச்சு வச்சிருக்கு. முத்துப்பேச்சியும் வேண்டாம்னு சொல்லிப் பார்த்திருக்கா. கேக்கலையாம்.

எனக்கு வந்த கோவம் இருக்கே. அவ போனதும் சோத்துத் தட்டைத் தூக்கி எறிஞ்சேன். பதினாலு வயசு தம்பி அதுக்கு. ஒடிஞ்ச கையைக் கழுத்துல கட்டின தொட்டில்ல போட்டுக்கிட்டு, ஆபீசர் முன்னாடி போய் நின்னு, செய்யாத தப்பை நான் செஞ்சேன்னு சொல்லப்போகுது. ஊருல நாளைக்கு என்ன பேசுவாங்க? ஏழு பிள்ளை சாக இருந்ததே இவளாலதான்னு பேச மாட்டாங்களா? அந்தத் தையல் போட்ட மூஞ்சியை வச்சுக்கிட்டு அது எப்படிப் பள்ளிக்கூடம் போகும்? அதுவும் பொய்யி. என் பிள்ளை பொய் பேசாது தம்பி. சின்னதுல இருந்து ஒரு பொய் சொன்னது கிடையாது. எப்படி இவ்வளவு பெரிய பொய்யை, ஒரு கோணல் இல்லாம, கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்ற மாதிரி, யாருகிட்ட கத்துக்கிட்டுச்சுன்னு ராத்திரி பூரா நினைச்சு நினைச்சுப் பார்த்தேன்.

முதல் பஸ்ஸுக்கே வந்திருக்கணும். வரலை. வீட்டுலயே உக்காந்திருந்தேன். போகட்டும், சொல்லிட்டுப் போகட்டும், எல்லாம் முடிஞ்சுரும்ல, எனக்கென்னன்னு உக்காந்திருந்தேன். ஆமா தம்பி, அப்படித்தான் உக்காந்திருந்தேன். உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும், நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ. அப்புறம் உக்கார முடியலை.

மணி என்ன? பத்தே காலா?

ஏன் நின்னுருச்சு? ஏப்பா டிரைவரு, ஏன் நிறுத்திட்ட? எடுப்பா. பதினொண்ணுக்குள்ள போகணும்பா. கொஞ்சம் அழுத்து. அட, இவ்வளவு நேரம் பறந்தேல்ல, இப்ப என்ன?

என்ன சொல்றான் அவன்?

முன்னாடி என்ன நிக்குதுன்னு தெரியலையாம். பார்த்துத்தான் எடுக்க முடியுமாம்.

சரி. சரிதான். சரியாத்தான் சொல்றான். இந்த வளைவுதான் தம்பி. அந்தா, அந்தப் பைன் மரத்துக்கிட்ட, அந்த மேட்டுலதான் அது உக்காந்திருந்துச்சு. ஒண்ணும் தெரியலைல்ல உங்களுக்கு. பஸ்ஸு மூக்கே தெரியலை. அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். பதினஞ்சுல வந்தாலும் தெரிஞ்சிருக்காது. பத்துல வந்தாலும் தெரிஞ்சிருக்காது.

இவன் மேகம் விலகட்டும்னு நின்னா மதியம் ஆயிரும். அதுக்குள்ள என் பிள்ளை வாயைத் திறந்துரும். அது அந்தப் பொய்யைச் சொல்றதுக்கு முன்னாடி நான் அங்க போயி நிக்கணும்.

தம்பி, அந்த மஞ்சப் பையை எடுங்க. உங்க காலுக்குக் கீழ இருக்கு. உள்ள ஒரு துண்டு இருக்கும், கொடுங்க. ஆமா, கறைதான். சந்தனம். துவைக்கலை. வீட்டுக்காரிகிட்ட துவைக்கப் போட்டா என்ன கறைன்னு கேப்பா, அதான் இத்தனை நாளா பீரோவுக்கு அடியில சுருட்டி வச்சிருந்தேன். காலையில எதுக்கு எடுத்துப் பையில வச்சேன்னு எனக்கே தெரியலை.

கொஞ்சம் காலை ஒதுக்குங்க, நான் இறங்குறேன். பைன் காட்டைத் தாண்டினா தெளிஞ்சிரும், அரை கிலோமீட்டர்தான். முன்னாடி நான் நடக்குறேன், என் பின்னாடியே பைய வரச் சொல்லுங்க. டிம்மு போடச் சொல்லுங்க, பாட்டை நிறுத்தச் சொல்லுங்க. கறை தெரிஞ்சா தெரியட்டும், நல்லா விரிச்சே போட்டுக்கிறேன் முதுகுல.

நீங்க ஒண்ணு மட்டும் செய்ங்க தம்பி. டிரைவர்கிட்டப் போயி, துண்டு தெரியுதா, நல்லாத் தெரியுதான்னு கேளுங்க. என்கிட்ட யாரும் கேக்கலை. நீங்க கேட்டுச் சொல்லுங்க.